டல்லாஸ்ல இருக்க அண்ணன் வீடியோ கால்ல நோட்டரி போட்டு பவர் அனுப்புனா காரைக்குடில பத்திரம் பதிய முடியுமா?

கானாடுகாத்தான்முகப்பு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வளவு வீட்டுக்கு இப்ப ஒம்போது புள்ளி, அதாவது ஒம்போது பங்குக்காரங்க. போன மழைக்கு ரெண்டாங்கட்டு ஓடு சரிஞ்சு பட்டாலை வரைக்கும் ஒழுகிருச்சு, பாகப்பிரிவினை பத்திரம் போட்டு யார் பங்கு எதுன்னு முடிச்சாத்தான் எவனும் கைக்காசு போட்டு வேலை ஆரம்பிப்பான். எட்டு பேர் வந்து கையெழுத்துப் போட ரெடி, எங்க அண்ணன் மட்டும் டல்லாஸ்ல முதுகு ஆபரேஷன் பண்ணிட்டு இருக்காரு, இப்போதைக்கு பிளைட் ஏற முடியாது, அதனால அவருக்குப் பதிலா நான் கையெழுத்துப் போட எனக்கு பவர் (அதிகாரப் பத்திரம்) குடுக்குறேங்குறாரு. அங்க ஆன்லைன் நோட்டரின்னு இருக்காம், வீட்டுல உக்காந்தே முடிச்சுறலாமாம், சீல் வச்ச பிடிஎப் வந்துருமாம். அத பிரிண்ட் எடுத்துக் குடுத்தா ஏத்துக்குவாங்களா? இங்க ஒருத்தர் என்னன்னா அண்ணன் கையெழுத்த ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்க நான் நோட்டரி சீல் வாங்கித் தரேங்குறாரு, அது வேற பயமா இருக்கு.

ஹூஸ்டன்பள்ளத்தூரான்:
அண்ணே, இங்க அது சட்டப்படி உள்ளதுதான். வர்ஜீனியால 2012லயே வந்துருச்சு, டெக்சாஸ்ல 2018 ஜூலைல இருந்து இருக்கு. கேமரா முன்னாடி ஐடி காட்டணும், பழைய அட்ரஸ், பழைய லோன் இதெல்லாம் வச்சு நம்மகிட்ட கேள்வி கேப்பாங்க, முழுசும் வீடியோ பதிவாகும், நோட்டரி டிஜிட்டலா சீல் வைப்பாரு. நான் இங்க வீடு வாங்குனப்ப அப்டித்தான் போட்டேன், ஒரு குறையும் இல்ல. ஆனா அது இந்த ஊர் வீட்டுக்கு.

தேவகோட்டைபத்திரம்:
தம்பி, மொதல்ல அந்த ஸ்கேன் ஆள விட்டு வெலகுங்க. கையெழுத்துப் போட்ட ஆளப் பாக்காம சீல் வச்சா அது நோட்டரியே இல்ல, நாளைக்கு பங்காளில ஒருத்தர் கேஸ் போட்டா மொத்த பாகப்பிரிவினையும் ஆடிப்போகும்.

அண்ணன் விஷயத்துக்கு வாரேன். வெளிநாட்டுல இருக்கவங்க பவர் குடுக்குறதுக்கு 1908 பதிவுச் சட்டம் 33வது பிரிவு வழி சொல்லுது, அங்க உள்ள நோட்டரி முன்னாடியோ இந்தியத் தூதரக அதிகாரி முன்னாடியோ கையெழுத்துப் போட்டு அவங்க சான்று வைக்கணும். ஆன்லைன் நோட்டரியும் நோட்டரிதானேன்னு கேப்பீங்க. சிக்கல் எங்கன்னா, நம்ம 2000ம் வருஷ ஐடி சட்டம், அதான் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பவர் பத்திரம், உயில் இதெல்லாம் எலக்ட்ரானிக்கா இருக்குறத தன் வரம்புக்கு வெளியதான் வச்சிருக்கு. 2022ல கொஞ்சம் தளர்த்துனாங்க, அதுவும் ரிசர்வ் வங்கி மாதிரி அமைப்புகளோட கட்டுப்பாட்டுல இருக்க நிறுவனங்களுக்குக் குடுக்குற பவருக்கு மட்டுந்தான், தம்பிக்குக் குடுக்குறது அதுல வராது. அதனால பேனாவால பேப்பர்ல போட்ட கையெழுத்துதான் வேணும். ஹூஸ்டன் தூதரகத்துக்குப் போக முடியலைன்னா, பக்கத்துல ஒரு நோட்டரிய வீட்டுக்கே வரச்சொல்லி நேர்ல போட்டு, டெக்சாஸ் மாநிலச் செயலர் ஆபீஸ்ல அப்போஸ்டில் (அந்த நோட்டரி சீல் உண்மைன்னு வெளிநாட்டுக்குக் குடுக்குற சான்று) வாங்கி ஒரிஜினல கூரியர்ல அனுப்பச் சொல்லுங்க. இந்தியா 2005ல அப்போஸ்டில ஏத்துக்குற நாடுகளோட ஒப்பந்தத்துல சேந்துருச்சு.

பவர்ல சர்வே நம்பர், கதவு எண், அண்ணனோட பங்கு, பாகப்பிரிவினைல கையெழுத்துப் போட்டு பதிய அதிகாரம்னு தெளிவா இருக்கணும். பொதுவா எல்லா அதிகாரமும்னு ஒத்த வரி எழுதிட்டு வந்து நிப்பாங்க, அதுலதான் பாதிப் பேர் திரும்பிப் போறாங்க.

ஆத்தங்குடிஆச்சி:
ஒண்ணு சேத்துக்கங்க தம்பி. கவர் இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர்கிட்ட குடுத்து முத்திரைக் கட்டணம் கட்டிறணும். எங்க அக்கா மகன் சிங்கப்பூர்ல இருந்து அனுப்புன பவர, திருவிழா முடியட்டும் கல்யாணம் முடியட்டும்னு பீரோலயே வச்சிருந்து தேதி தாண்டிப்போச்சு, அந்தப் புள்ள மறுபடி லீவு போட்டு அலைஞ்சு புதுசா அனுப்புச்சு. கவர்ல இருக்க தபால் தேதியோட பத்திரமா வைங்க.

கானாடுகாத்தான்முகப்பு:
ரொம்ப நன்றிண்ணே, நன்றி ஆச்சி. இப்பத்தான் அண்ணன்ட்ட பேசுனேன், அவர் தெருவுலயே ஒரு நோட்டரி இருக்காராம், சனிக்கிழமை வீட்டுக்கு வாராரு. நாளைக்கு வாசகத்த எழுதி வாங்க தேவகோட்டைக்கு வாரேண்ணே, மூலப்பத்திரம் எடுத்துட்டு வரணுமா இல்ல நகல் போதுமா?

தேவகோட்டைபத்திரம்:
நகல் போதும், வில்லங்கச் சான்றும் எடுத்துட்டு வாங்க. பத்து மணிக்கு மேல வாங்க.