காட்டுப்பள்ளி விரிவாக்கம்: கருத்துக்கேட்புக்கு முன் கிடைக்கும் 30 நாள்

வெளிநாட்டில் வாழும் சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர் அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக்கும் திட்டத்தின் மக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியில் ஒருமுறை, 2023 செப்டம்பரில் ஒருமுறை என இரண்டு தடவை தேதி குறித்துத் தள்ளிப்போனது. தள்ளிவைத்தார்கள் என்றால் கைவிட்டார்கள் என்று பொருளில்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006 அறிவிக்கைப்படி நாளிதழ் விளம்பரம் வந்த பிறகு குறைந்தது 30 நாள் அவகாசம் தரவேண்டும். அதற்குமேல் தருவார்கள் என்று நம்ப வேண்டாம். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை பல நூறு பக்கம், ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் கிடைப்பது சுருக்கம்தான். அந்தச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதும் ஆட்சேபம் பெரும்பாலும் வீண்.

நேரில் வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம். ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்பினால் துறைமுக நிறுவனம் ஒரே பதிலில் முடித்துவிடும். ஆளுக்கு ஓர் அத்தியாயம் எடுத்துக்கொண்டு, பக்க எண் குறிப்பிட்டு, கேள்வியாக எழுதுங்கள். மின்னஞ்சலோடு விடாமல், ஊரிலுள்ள உறவினர் ஒருவர் தாளிலும் கொடுத்துத் தேதி முத்திரை வாங்கி வைக்கட்டும்.

நீரோட்டம் பற்றிய அத்தியாயத்தை எடுப்பவர் கேட்கவேண்டியது ஒன்றுதான். ஓதத்தில் உப்பங்கழிக்குள் ஏறி வற்றத்தில் இறங்கும் நீரின் அளவு, விரிவாக்கத்துக்காக நிலத்தை மண் கொட்டி நிரப்பிய பிறகு எவ்வளவு குறையும்? முகத்துவாரத்தில் சேரும் மணலை அரித்துத் தள்ளுவது அந்த நீர்தான். அது குறைந்தால் வாய் அடைபடும். இறால் குஞ்சு உள்ளே வராது. மழைக்காலத்தில் கொசஸ்தலையாற்று வெள்ளம் வடிய வழியில்லாமல் ஊருக்குள் ஏறும். கடல்மட்ட உயர்வும் பெருமழையும் சேர்ந்து வரும் நாளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தனித்தனியே போட்ட கணக்கு எப்போதும் அழகாகத்தான் வரும்.

எரிவாயு பற்றி. பக்கத்திலுள்ள காமராசர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) முனையம் 2019இலிருந்து இருக்கிறது. விரிவாக்க அறிக்கையில் எரிவாயு, அம்மோனியா போன்ற சரக்குகளின் பெயரைத் தேடி, ஒரே நேரத்தில் இருப்பில் வைக்கும் டன் அளவைக் குறியுங்கள். ஆண்டுக்குக் கையாளும் அளவு வேறு, இருப்பு வேறு. ஆபத்தைத் தீர்மானிப்பது இருப்புதான்.

எல்என்ஜியையும் எல்பிஜியையும் (சமையல் எரிவாயு) குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்என்ஜி மைனஸ் 162 டிகிரியில் இருக்கும் திரவம். கசிந்தால் குளிர் அடங்கும்வரை வெண்புகையாகத் தரையோடு ஓடும், பிறகு மேலே எழும்பிவிடும். எல்பிஜி அப்படியில்லை. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். வாய்க்காலிலும் பள்ளத்திலும் தங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். தொலைவில் ஓடும் ஒரு படகு எஞ்சின் போதும். ஆகவே இடர் அத்தியாயத்தில் பகல் காற்றுக்குப் போட்ட கணக்கை ஏற்காதீர்கள். காற்று அசையாத இரவுக்கு, அதாவது விநாடிக்கு 2 மீட்டர் அல்லது அதற்கும் குறைந்த வேகத்துக்கு, வாயு பரவும் தூரம் எவ்வளவு? சதுர மீட்டருக்கு 4 கிலோவாட் வெப்பம் எட்டும் வட்டத்துக்குள் எத்தனை வீடு? வட்டத்தை வரைந்த வரைபடத்தில் குப்பங்கள் குறிக்கப்பட்டுள்ளனவா?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து மக்கள் இருட்டில் ஓடினார்கள். 1989 அபாய ரசாயன விதிகளின்படி ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான அவசரத் திட்ட ஒத்திகை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்கவேண்டும். கடந்த ஐந்தாண்டு ஒத்திகை அறிக்கைகளைத் தகவல் உரிமை மனுவில் கேட்கலாம். மனுப் போடுபவர் இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும்; வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை போதாது. மாநில அலுவலகங்களுக்கு ஊரிலிருப்பவர் பெயரில் போடுவதே சுலபம்.

கொச்சி புதுவைப்பின் அனுபவத்தையும் மனத்தில் வையுங்கள். 15,450 டன் எல்பிஜி கிடங்குக்கு 2010இல் சுற்றுச்சூழல் அனுமதி. போராட்டம் பெரிதானது 2017இல்; ஜூனில் தடியடி, டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனு தள்ளுபடி. 2019 டிசம்பரில் 144 தடையுத்தரவு போட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அனுமதியையே எதிர்த்துத் தீர்ப்பாயம் போக 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அது கடந்தால் நிபந்தனை மீறல் என்றுதான் வாதாட முடியும், அது பலவீனமான பிடி.

பண விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் ஆகும். ஊர்க்காரராக இருந்தாலும் ஓசிஐ இருந்தாலும் ஆகும். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாத ஊர்ச் சங்கம் அதை வாங்கக்கூடாது. எல்லோர் பணத்தையும் வெளிநாட்டுச் சங்கக் கணக்கில் திரட்டி மொத்தமாக அனுப்பினால் முழுத்தொகையும் வெளிநாட்டு நன்கொடையாகிவிடும். தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய்தான். செலவு வைப்பது வரைபடமும் நிபுணர் அறிக்கையும். எனவே குடியுரிமை மாறியவர்கள் பணத்துக்குப் பதில் படிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீரியல், இடர் கணக்கு இரண்டுக்கும் பொறியியல் தெரிந்தவர்கள் முதலில் பெயர் கொடுக்கவும்.