மறு: ஸ்டேஜ் மேனேஜருக்குத் தமிழில் என்ன?

> மேடை மேலாளர் என்றே வைத்துவிடலாம். வரையறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா, வணக்கம். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். ‘மேடை மேலாளர்’ என்றதும் சமூக மன்றத்தில் நாற்காலியும் மைக்கும் ஏற்பாடு செய்பவர்தான் இங்கே சிங்கப்பூரில் பலருக்கு நினைவுக்கு வருவார். நம் நாடகச் சொற்பட்டியலில் இப்போது இருப்பது ‘மேடை தொடர்பான பணிகளைக் கவனிப்பவர்’. திரை இழுப்பவரும் அதைத்தானே செய்கிறார்?

என் வரைவு இது:

‘ஒத்திகையில் நடிகர்கள் எங்கே நிற்கிறார்கள், எப்போது நகர்கிறார்கள் என்பதைப் பிரதியில் குறித்துவைத்து, நாடகம் நடக்கும்போது ஒளி, ஒலி, அரங்கப்பொருள் மாற்றங்களுக்கு உரிய நொடியில் கியூ கொடுப்பவர். அரங்கேறிய பிறகு, இயக்குநர் அமைத்தபடியே நாடகம் நடக்கப் பொறுப்பேற்பவர்.’

கடைசி வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். அரங்கேற்றத்தோடு இயக்குநரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஐந்தாம் நாள் ஒரு நடிகர் கைதட்டலுக்காக வசனத்தை நீட்டினால், அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டியவர் இவர்தான். சினிமாவில் இதற்கு நேரான ஆள் கிடையாது. படப்பிடிப்புத் தளத்தின் நேரத்தை முதல் உதவி இயக்குநர் பார்த்துக்கொள்கிறார். கண்டினியூட்டிக்கு (ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் பார்ப்பதற்கு) ஹாலிவுட்டில் தனி ஆள் உண்டு, கோடம்பாக்கத்தில் அதுவும் உதவி இயக்குநர்களில் ஒருவர் தலையில். ஆகவே திரைக்கும் மேடைக்கும் ஒரே பதிவு வேண்டாம்.

இனி சொல். கட்டியங்காரன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் கூத்தில் கட்டியங்காரன் சபைக்கு முன்னால் நின்று பேசுபவன். இவரோ பார்வையாளர் கண்ணில் படாதவர். நெறியாளர் என்றால் இலங்கை நண்பர்கள் இயக்குநரை நினைப்பார்கள். என் வாக்கு ‘மேடை நடத்துநர்’. வாத்தியக் குழுவில் யார் எப்போது நுழைய வேண்டும் என்று கைகாட்டுபவரை இசை நடத்துநர் என்கிறோமே, அந்த வேலைதான் இது. பஸ் கண்டக்டர் நினைவு வரும் என்று தமிழ்நாட்டார் சொல்லலாம். இங்கே பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

‘கியூ’வை, அதாவது ‘இப்போது செய்’ என்னும் குறிப்பை, ஆங்கிலத்திலேயே விட்டதற்குக் காரணம் உண்டு. ஹெட்செட்டில் ‘ஒளி 14’ என்று சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, ‘கோ’ என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் விரல் பொத்தானை அழுத்தும். அதனால்தான் வேறு எதற்கும் அதை ஹெட்செட்டில் சொல்வதில்லை. ‘போ’ என்று மாற்றினால் ‘போச்சுடா’ என்று யாராவது முணுமுணுத்தாலும் விளக்கு அணையும். தவிர, இங்கே விளக்குப் பலகையில் இருப்பவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். தமிழ்ச்சொல் நமக்கு நிகழ்ச்சி ஏட்டுக்கும் பயிலரங்குக்கும்தான் தேவை.

------

> நாடகம் நடக்கும்போது ... உரிய நொடியில் கியூ கொடுப்பவர்

அண்ணே, ஒரு திருத்தம். பிரிட்டிஷ் வழக்கில் பிரதியோடு உட்கார்ந்து கியூ சொல்பவர் பெரும்பாலும் டெபுட்டி ஸ்டேஜ் மேனேஜர். அமெரிக்காவில்தான் பொதுவாக ஸ்டேஜ் மேனேஜரே சொல்வார். லண்டனில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் உங்கள் வரையறையைப் பார்த்தால் குழம்புவார்கள். ‘கியூ கொடுப்பவர், அல்லது துணை நடத்துநரைக் கொண்டு கொடுக்கச் செய்பவர்’ என்று போடலாமா? ‘மேடை நடத்துநர்’ எனக்குச் சம்மதம். ‘அரங்கப்பொருள்’ மட்டும் இடிக்கிறது: மேடையில் நிற்கும் வீடா, நடிகர் கையில் இருக்கும் குடையா? அதைத் தனி இழையில் கேட்கிறேன்.