பழைய வீட்டுக் கணினியைப் புதுப்பிக்க ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். 2014-இல் வாங்கிய எங்கள் மேசைக் கணினி, உலாவியைத் திறக்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிபி டிடிஆர்3 ராம் (தற்காலிக நினைவகம்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவை அதில் உள்ளன.

சென்ற ஞாயிறன்று என் மனைவி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்ற, நான் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன் (இந்த வேலைப் பிரிவினையில் எனக்கு ஒரு குறையும் இல்லை). விசிறி இறக்கைகளில் தூசி பஞ்சாய் அடைந்திருந்தது; செயலியின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கைத் தூக்கியபோது, இரண்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புபோல் காய்ந்து உதிர்ந்தது. புதிய பேஸ்ட் பூசாமல் இயக்கக் கூடாதென்று அவர் சொல்லிவிட்டதால், கணினி திறந்தபடியே கிடக்கிறது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான சேமிப்பகமான சாட்டா எஸ்எஸ்டி பொருத்துவது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், காலியாக உள்ள ஒரு ராம் ஸ்லாட்டில் வேறு நிறுவனத்தின் 4 ஜிபி ராமைச் சேர்த்தால் போதுமா, அல்லது பழையதை எடுத்துவிட்டு ஒரே வகையில் இரண்டு 8 ஜிபி ராம்களைப் போடுவது நல்லதா? பத்தாண்டு உழைத்த பவர் சப்ளையையும் இப்போதே மாற்றிவிட வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் எங்களுடையது இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம் என்கிறார் மனைவி. விண்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கு மென்பொருளை நான் அன்றாடம் பயன்படுத்துவதால் தயங்குகிறேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே எஸ்எஸ்டியில் வைத்துப் பயன்படுத்துவோர், அதிலுள்ள சிக்கல்களைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.