பல துறைகளைச் சேர்ந்த தனிநபர் வலைப்பதிவுகளைக் கண்டுபிடிப்பது எப்படி? தேடுபொறி கைகொடுக்கவில்லை

ஓலைக்கீற்று கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு துறையில் நீண்டகால ஈடுபாடு கொண்டவர்கள், வருவாயைக் கருதாமல், சொந்தப் பெயரிலோ புனைபெயரிலோ எழுதிவரும் வலைப்பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். துறை இன்னதுதான் என்றில்லை. பழைய கைக்கடிகாரங்களைப் பழுது பார்ப்பவர், பாறைத் துண்டுகளைச் சேகரிப்பவர், சிலந்திகளைப் படம் பிடிப்பவர், சொற்களின் வேரைத் துருவுபவர் என யாருடைய எழுத்தாக இருந்தாலும் சரி. மூன்று வாரம் முயன்றும் ஐந்தாறுக்கு மேல் தேறவில்லை.

துறையின் பெயரோடு 'வலைப்பதிவு' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால், 'நீங்கள் அவசியம் படிக்க வேண்டிய 50 தளங்கள்' என்ற வகைப் பட்டியல்களே வந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றை வரிசையாகத் திறந்து பார்த்தேன். முதல் பத்தில் ஏழு, பொருள் விற்கும் கடைகளின் தளங்கள். இரண்டு திறக்கவே இல்லை. எஞ்சிய ஒன்று சூதாட்ட விளம்பரத்தில் கொண்டுபோய் விட்டது. தனிநபர் தளங்களுக்கென்றே உள்ள ஓர் அடைவையும் (தள முகவரிகளின் தொகுப்பு) புரட்டினேன். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கணினி நிரலாளர்கள். தம் தளத்தை எப்படி அமைத்தோம் என்பதையே அந்தத் தளத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் தேடும் முறையில் என்ன பிழை? தமிழ், ஆங்கிலம் இரண்டும் படிப்பேன். பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறேன்.

நடுப்பக்கம் எழுதியது:

துறைவாரியான அடைவு வேண்டுமென்றால் ஃபில் கைஃபோர்டு 2022 நவம்பரில் தொடங்கிய 'ஊ டைரக்டரி'யைப் பாருங்கள் (முகவரியில் ஓ, ஓ, எச் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு புள்ளி, பிறகு டைரக்டரி என்ற சொல்). அறிவியல், கலை, சமூகம் என்று தலைப்புகளும் அவற்றுக்குள் உட்தலைப்புகளும் உண்டு. ஒவ்வொரு வலைப்பதிவிலும் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதையும் அங்கேயே காட்டுவதால், செத்த தளங்களைத் திறந்து ஏமாற வேண்டியதில்லை. 2023இல் வந்த 'காகி ஸ்மால் வெப்' இன்னொரு வகை: தனிநபர் தளங்களின் அண்மை இடுகை ஒன்றைக் காட்டும், பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். அதில் நிரலாளர் வாடை சற்றுத் தூக்கல்தான். இரண்டிலும் ஆங்கிலமே மிகுதி.

பழம்பதிவர் எழுதியது:

அடைவுகள் நல்ல தொடக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் உங்கள் சிக்கலுக்கு வேர், நீங்கள் தேடும் சொல்லில் இருக்கிறது. தம் தளத்தை 'வலைப்பதிவு' என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொள்பவர், பெரும்பாலும் அதை வைத்து வணிகம் செய்பவர். கடிகாரத்தைப் பழுது பார்ப்பவருக்கு அந்தச் சொல்லே நினைவில் இராது. பல்சக்கரத்தில் துரு ஏறியிருந்ததையும், மெயின்ஸ்பிரிங் தெறித்து அலமாரிக்கு அடியில் போனதையும்தான் அவர் எழுதுவார். ஆகையால் துறையின் பெயரை விட்டுவிட்டு, அந்த வேலையில் கைவைத்தவருக்கு மட்டுமே தெரிந்த உறுப்பின் பெயரையோ கோளாற்றின் பெயரையோ கொண்டு தேடுங்கள்.

தமிழில் தேடுவோருக்கு இன்னொரு வசதி உண்டு. இதைப் பலர் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வியப்பு. நம் வினைமுற்று, பேசுபவர் யார் என்பதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. விளம்பரத்துக்காக எழுதப்படும் கட்டுரைகள் 'கழற்றலாம்', 'கழற்ற வேண்டும்' என்று பொதுவில் பேசும். தானே செய்து பார்த்தவர் 'கழற்றினேன்' என்பார். எனவே உறுப்பின் பெயரோடு 'கழற்றினேன்', 'சேகரித்தேன்', 'கவனித்தேன்' போன்ற தன்மை ஒருமை வினை ஒன்றை இரட்டை மேற்கோளுக்குள் இட்டுத் தேடுங்கள். மேற்கோள் இடாவிட்டால் தேடுபொறி அச்சொல்லைத் தன் விருப்பத்துக்கு விரித்துக்கொள்ளக்கூடும். ஆங்கில வினைக்கு இந்த ஆற்றல் இல்லை என்பதால், அங்கே 'நான் மூடியைத் திறந்தபோது' என்ற பொருள் தரும் முழுத் தொடரையே மேற்கோளுக்குள் இட வேண்டியிருக்கும்.

அதோடு 'கருத்துரையிடுக' என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். வலைப்பதிவு அமைக்க உதவும் பிளாகர் சேவையில் தமிழ் இடைமுகத்தைத் தேர்ந்து அமைத்த தளங்களில் இடுகைக்கு அடியில் இந்தச் சொல் நிற்கும். வேறெங்கும் மனிதர்கள் இப்படிப் பேசுவதில்லை என்பதால், தேடலுக்கு இது நல்ல சல்லடை. பிளாகர் தொடங்கியது 1999இல்; 2003இல் கூகுள் அதை வாங்கியது. அந்தக் காலந்தொட்டுச் சேர்ந்த எழுத்துகளில் கணிசமான பகுதி இன்னும் அங்கேயே கிடக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்று: மனத்துக்குப் பிடித்த ஒரு பதிவு கிடைத்துவிட்டால் தேடுபொறியை மூடிவிடுங்கள். அப்பதிவரின் பக்கப்பட்டையில் (இடுகைகளுக்குப் பக்கவாட்டில் நிற்கும் பத்தி) அவர் தொடர்ந்து படிக்கும் பதிவுகளின் பட்டியல் பெரும்பாலும் இருக்கும். பாறை சேகரிப்பவர் இன்னொரு பாறைக்காரரை மட்டும் படிப்பதில்லை. வரைபடம் வரைபவரையும், செடி வளர்ப்பவரையும், மொழியாராய்ச்சி செய்பவரையும் சேர்த்தே படிப்பார். நீங்கள் கேட்கும் துறைக் கலப்பு அங்கே தானாகவே அமைந்திருக்கும். 1998இல் தொடங்கிய 'டிமாஸ்' என்ற மாபெரும் திறந்த அடைவு 2017இல் மூடப்பட்டது. பல தளங்களின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடரும் 2013 ஜூலை 1 அன்று நின்றுபோனது. ஆனால் பதிவர்களின் பக்கப்பட்டைப் பட்டியல்களைப் பராமரிக்க நிறுவனம் எதுவும் தேவைப்படாததால் அவை தப்பிப் பிழைத்தன.

பிளாகர் தளங்களில் உள்ள இந்தப் பட்டியலுக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. அண்மையில் புதுப்பிக்கப்பட்ட பதிவு மேலே வரும்படி அதை அமைக்கலாம். பலர் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பதிவர் 2012இலேயே எழுதுவதை நிறுத்தியிருந்தாலும், அவருடைய பட்டியல் இன்றும் தானாக வரிசை மாறிக்கொண்டிருக்கும். யாருமற்ற வீட்டில் கடிகாரம் மட்டும் சரியான நேரம் காட்டுவது போன்றது அது. மேலிருந்து நான்கைந்தைத் திறந்து பார்த்தால், இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

ஓலைக்கீற்று எழுதியது:

மிக்க நன்றி ஐயா. 'கழற்றினேன்' உடனே வேலை செய்தது. இரண்டாம் பக்கத்திலேயே, சாவி கொடுக்கும் கடிகாரங்களைப் பற்றி எழுதும் ஒருவர் கிடைத்தார். 2014க்குப் பிறகு அவர் எழுதவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன பக்கப்பட்டையோ பட்டியலோ அங்கே எதுவும் இல்லை. இடுகைகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. அவர் அமைக்காமல் விட்டாரா, அல்லது நான் பார்ப்பதில் தவறா?

நடுப்பக்கம் எழுதியது:

கைப்பேசியில் பார்ப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா? பிளாகரின் கைப்பேசித் தோற்றம் பல வார்ப்புருக்களில் பக்கப்பட்டையை மறைத்துவிடும். உலாவியின் மெனுவில் கணினித் தளமாகக் காட்டும்படி கேட்கும் தெரிவு இருக்கும். அதைத் தேர்ந்துவிட்டு மீண்டும் பாருங்கள். முகவரியின் இறுதியில் கேள்விக்குறியும், 'எம் = 1' என்பதற்கான ஆங்கில எழுத்தும் எண்ணும் ஒட்டியிருந்தால், அந்த ஒன்றைச் சுழியாக (0) மாற்றினாலும் போதும்.

சுவடிக்காவலர் எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கை. முதல் கேள்வியில் சூதாட்ட விளம்பரத்துக்குப் போன தளத்தைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தப் பதிவர் சூதாட்டக்காரர் ஆகிவிடவில்லை. சொந்தமாக வாங்கிய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டால் அதை வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம். பழைய தளத்துக்கு வந்துசேரும் இணைப்புகளுக்காகவே அவற்றை வாங்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அத்தகைய முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் இட்டு, அவர் எழுதிக்கொண்டிருந்த ஆண்டின் படியைத் திறந்தால், பழைய இடுகைகள் பலவும் கிடைக்கக்கூடும். பக்கப்பட்டையும் படியெடுக்கப்பட்டிருந்தால், அதிலுள்ள இணைப்புகள் உங்களுக்குப் புதிய வழிகள். கடைசிப் படிகளையும் பாருங்கள். 'இனி இந்த முகவரியில் எழுதுகிறேன்' என்ற அறிவிப்பு அங்கே இருக்கக்கூடும்.

ஆங்கிலத்துக்கு 'மார்ஜினாலியா' என்ற தேடுபொறியையும் வைத்துக்கொள்ளுங்கள். சுவீடனைச் சேர்ந்த ஒருவர் 2021இல் தனியாளாகத் தொடங்கியது. எழுத்து மிகுந்த எளிய பக்கங்களுக்கு முன்னுரிமை தருவதால் கடைகளின் தளங்கள் பின்னுக்குப் போய்விடும். ஆனால் கேள்வி வடிவில் கேட்டால் விடை தராது. இரண்டு மூன்று சொற்களே போதும்.

ஓலைக்கீற்று எழுதியது:

கணினித் தோற்றத்துக்கு மாற்றியதும் பட்டியல் வந்துவிட்டது. கடிகாரக்காரரின் பட்டியலில் 31 பதிவுகள். முதலில் நின்றவர் நேற்று எழுதியிருக்கிறார், தேனீ வளர்ப்பவர். இரண்டாமவர் பழைய அஞ்சல் முத்திரைகளைப் பற்றி எழுதுகிறார், நான்காமவர் விண்கற்களைப் பற்றி. மூன்று வாரத்தில் கிடைக்காதது ஒரு மாலையில் கிடைத்தது. இவற்றை ஓடைப்படிப்பியில் (தளங்கள் வெளியிடும் 'ஓடை' வழியாகப் புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் செயலி) சேர்க்க முயன்றபோது இரண்டு சிக்கல்கள். தேனீக்காரரின் தளத்தில் ஓடைக்கான குறியே இல்லை. அஞ்சல் முத்திரைப் பதிவைச் சேர்த்தால் கடைசி 25 இடுகைகள் மட்டும் வருகின்றன. அவர் 2008 முதல் எழுதுகிறார்.

பழம்பதிவர் எழுதியது:

குறி இல்லையென்றாலும் ஓடை பெரும்பாலும் இருக்கும். பிளாகர் தளமானால் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடிட்டு 'ஃபீட்ஸ்', 'போஸ்ட்ஸ்', 'டிஃபால்ட்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடையிடையே சாய்கோட்டுடன் எழுதுங்கள். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு மென்பொருளில் அமைந்த தளமானால் 'ஃபீட்' என்ற ஒற்றைச் சொல் போதும். அப்படியும் வரவில்லையென்றால் பதிவரே அமைப்பில் அதை நிறுத்தி வைத்திருக்கலாம். அவருக்கு ஒரு பின்னூட்டம் எழுதிக் கேளுங்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு திறந்துவிடுவார்கள்.

25 என்பது பிழையன்று, பிளாகர் ஓடையின் இயல்பான அளவு. வேர்ட்பிரஸில் அது பத்துதான். ஓடை புதியவற்றைத் தெரிவிப்பதற்காக ஏற்பட்டது. 2008ஆம் ஆண்டு இடுகைகளுக்கு, அதே பக்கப்பட்டையில் ஆண்டும் மாதமுமாக அடுக்கியிருக்கும் காப்பகத்தைத் திறந்து, அடியிலிருந்து படித்து வாருங்கள்.