மறுமொழி: கைதியைப் புலனாய்வுக்காக வெளியே அழைத்துச் செல்வது "தற்காலிக விடுதலை"யா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கனடாவின் குற்றவியல் சட்டத் தொகுப்பில் 527ஆம் பிரிவு, 7ஆம் உட்பிரிவுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு வந்த மடலுக்கு இது மறுமொழி. சிறையில் இருப்பவர் ஒரு வழக்கில் துப்புத் துலக்க உதவுவார் என்றால், அவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு அலுவலர் ஒருவரின் காவலில் விடும்படி நீதிபதி ஆணையிடலாம் என்கிறது அந்த உட்பிரிவு. இதுவரை வந்த பரிந்துரைகள் தற்காலிக விடுதலை, புலனாய்வு விடுப்பு, விசாரணைக் கையளிப்பு. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. முதல் இரண்டைக் கட்டாயம் விலக்க வேண்டும்.

விடுதலை என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? கைதி ஓரிரு நாளாவது தன் இஷ்டத்துக்கு நடமாடுகிறார் என்றுதான். நடப்பது வேறு. இங்கிலாந்தில் 1986 டிசம்பர் 16 அன்று, சிறார் கொலைகளுக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த மைரா ஹிண்ட்லியை சேடில்வொர்த் மேட்டுநிலத்துக்குக் கூட்டிப்போனதை எடுத்துக்கொள்வோம். 1960களில் கொல்லப்பட்டு அங்கே புதைக்கப்பட்ட சிறார்களின் உடல்களைத் தேட உதவுவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். விடியும் முன்பே சிறையிலிருந்து கிளப்பி, ஹெலிகாப்டரில் ஏற்றி, மேட்டுநிலத்துக்குப் போகும் சாலைகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள். சுற்றிலும் போலீஸ் காவல். கூடவே அவருடைய வழக்கறிஞரும் போனார். பகலெல்லாம் நடந்து காட்டிவிட்டு மறுபடி சிறைக்கே திரும்பினார். அன்றைக்கு எதுவும் கிடைக்கவில்லை. பாலின் ரீட் என்ற பெண்ணின் உடல் 1987 ஜூலை 1 அன்றுதான் கிடைத்தது. கீத் பென்னட் என்ற சிறுவனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. இதில் விடுதலை எங்கே இருக்கிறது? ஒரு நொடிகூட அவர் காவலுக்கு வெளியே இல்லை. காவல் கைமாறியது, அவ்வளவுதான். தன் பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் காத்திருக்கும் தாயிடம் இதைப் போய் "விடுதலை" என்று சொல்ல முடியுமா? கலைச்சொல் ஆக்கும்போது அவரும் நம் வாசகர்தான்.

"விடுப்பு" சட்டப்படியே தவறு. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின் கீழ் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டு உண்டு. மக்கள் பரோல் என்பது இதைத்தான். வீட்டில் சாவு, கல்யாணம் என்று கைதியின் தேவைக்காகத் தருவது அது. விதிகளின் பெயரே சொல்வதுபோல, அந்த நாட்களில் தண்டனை நிறுத்திவைக்கப்படுகிறது. நாம் பேசும் ஏற்பாட்டின் போக்கு இதற்கு நேர் எதிர். நாடுகளுக்கிடையில் இப்படிக் கைதியை அனுப்புவதற்கு, 2000ஆம் ஆண்டின் ஐ.நா. நாடுகடந்த ஒழுங்கமைக்கப்பட்ட குற்றங்களுக்கு எதிரான உடன்படிக்கை, 18ஆவது உறுப்பில் வழி செய்திருக்கிறது. அனுப்பப்பட்ட நாட்டில் காவலில் கழித்த காலத்தையும் தண்டனைக் காலத்தில் சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒன்றில் தண்டனை நிற்கிறது, மற்றதில் ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், தன் விடுதலை நாளைக் கணக்குப் போடும் கைதிதான் ஏமாறுவார்.

அப்புறம் "விசாரணைக் கையளிப்பு". கையளிப்பு நல்ல சொல், குறிப்பாக இலங்கை, கனடா வாசகர்களுக்குப் பழகியது. இடிப்பது "விசாரணை" என்ற சொல்தான். போலீஸ் செய்வதும் விசாரணை, நீதிமன்றம் செய்வதும் விசாரணை. "விசாரணைக் கைதி" என்றால் தீர்ப்புக்குக் காத்திருப்பவர். 527ஆம் பிரிவிலேயே கைதியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் ஆணை தனியாக இருக்கிறது. அதற்கு "கொணர்வு ஆணை" பொருந்தும். ஆட்கொணர்வு மனுவால் அந்தச் சொல் நமக்குப் பழக்கம்தான். இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 267ஆவது பிரிவின் கீழ் வந்த பி.டி. வாரண்டுக்கும், அதாவது சிறையில் இருப்பவரை நீதிமன்றத்தில் முன்னிறுத்தச் சொல்லும் ஆணைக்கும் (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 302) அதையே வைத்துக்கொள்ளலாம்.

சரி, நம் நாளிதழ்களில் வரும் "காவலில் எடுத்து விசாரிக்க அனுமதி" போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. அதில் போலீஸ் மனுப் போடும், மாஜிஸ்திரேட் அனுமதிப்பார். கைதியின் ஆட்சேபத்தைக் கேட்கலாம், ஆனால் அவர் சம்மதம் தேவையில்லை. கனடா உட்பிரிவில் கைதி எழுத்துமூலம் இசைந்தால்தான் ஆணையே பிறக்கும். ஐ.நா. உடன்படிக்கையிலும், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தின் 93ஆவது உறுப்பிலும் இதே நிபந்தனை உண்டு: விஷயம் தெரிந்து, தானாக முன்வந்து இசைய வேண்டும். சிறைக்குள் இருப்பவரிடம் எஞ்சியிருக்கும் மிகச் சில உரிமைகளில் இது ஒன்று. சொல்லிலேயே அது தெரிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆகவே என் பரிந்துரை "இசைவுக் காவல் மாற்றம்". ஆணைக்கு "இசைவுக் காவல் மாற்ற ஆணை". "கைதி மாற்றம்" வேண்டாம், ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு மாற்றுவதாக அர்த்தமாகிவிடும். "ஒப்படைப்பு" நாடுகளுக்கிடையே குற்றவாளிகளை ஒப்படைப்பதற்குப் போய்விட்டது. பதிவு இப்படி இருக்கலாம்:

இசைவுக் காவல் மாற்றம்: சிறையிலோ காவலிலோ இருப்பவரை, அவருடைய எழுத்துமூல இசைவின் பேரில், புலனாய்வுக்கு உதவுவதற்காக, நீதிபதியின் ஆணைப்படி குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு அலுவலரின் காவலில் விடுதல்; நோக்கம் முடிந்ததும் அவர் முன்பிருந்த இடத்துக்கே திருப்பி அனுப்பப்படுவார்.

கடைசி வரியை நீளம் கருதி வெட்டிவிட வேண்டாம். திருப்பி அனுப்பும் கடமையையும் அதே 527ஆம் பிரிவு சொல்கிறது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. வரையறையில் "அலுவலர்" என்று பொதுவாக விட்டதற்குக் காரணம் உண்டு. கனடாச் சட்டம் அங்கே சொல்லும் அலுவலர் (peace officer) போலீஸ்காரர் மட்டுமல்ல. அந்த வகைக்குள் மேயர், சிறை அதிகாரி, பறக்கும் விமானத்தின் தலைமை விமானி வரை வருகிறார்கள். "அமைதிகாப்பு அலுவலர்" என்றால் ஐ.நா. அமைதிப்படை நினைவுக்கு வந்துவிடுகிறது. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.