சுங்கை பூலோவில் கடல் ஏறும் நேரத்தில் நாற்பது பேர் போகலாமா?

நெய்தல்:
சென்ற ஞாயிறன்று நம் குழுவினர் நாற்பது பேர் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குச் சென்றுவந்ததைப் பலரும் பாராட்டியிருக்கிறீர்கள். உடன் வந்த எனக்கோ மனம் ஒப்பவில்லை. கடல் ஏறி வெளிச்சேறு மூழ்கும்போதுதான் கரைப்பறவைகள் குளங்களுக்கு ஒதுங்குகின்றன. பழைய இறால் பண்ணைக் குளங்களான அவற்றில், மதகுகளைக் கொண்டு நீரைத் தாழ்த்தி, பறவைகள் நிற்பதற்குச் சேற்றுத்திட்டுகளை விட்டுவைக்கிறார்கள். அந்த ஓய்வு நேரத்தில் நாம் எல்லோரும் ஒரே பார்வைக் குடிலுக்குள் நுழைந்தோம். ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் செருகி உறங்கிய பவளக்காலி என்னும் செங்கால் கரைப்பறவை ஒன்றைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு கூச்சல் எழுந்தது. அது கண் திறந்து, சிவந்த மறுகாலை இறக்கியது. அடுத்த நொடி கூட்டமே எழும்பிவிட்டது. வடக்கே புறப்படுவதற்காக உடலில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் பருவத்தில், இப்படிக் கலைந்து பறப்பது அவற்றுக்குப் பெரும் இழப்பு.

கிராஞ்சிக்காரர்:
சகோதரி, ஏற்பாடு செய்தவன் நான் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கடல் வற்றிய நேரத்தில் பறவைகள் இரைதேடிச் சிதறிவிடும். பிள்ளைகளுக்கு அவை தொலைவில் புள்ளிகளாகத்தான் தெரியும். 1986-இல் பறவை ஆர்வலர்கள் அந்த இடத்தைக் கண்டு, அதைக் காக்க வேண்டும் என்று எடுத்துரைத்ததால்தான் 1993-இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது, 2002-இல் சட்டப் பாதுகாப்பும் பெற்றது. கண்ணால் பார்த்தவர்கள்தானே அன்று பேசினார்கள்? பொன்னிற உப்புக்கொத்திகள் சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன என்று சொன்னதும், என் மகன் வீடு திரும்பி உலகப்படத்தை விரித்து உட்கார்ந்துவிட்டான்.

நெய்தல்:
ஐயா, அன்று பேசியவர்கள் ஓசையின்றிக் காத்திருந்து பார்க்கத் தெரிந்தவர்கள். பிள்ளைகள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வற்றிய நேரத்தில் ஆற்றுப்பாலத்தில் நின்றால், கரைச்சேற்றில் பவளக்காலிகள் குத்திக் குத்தி இரை எடுப்பதையும், சேற்று மீன்கள் துள்ளுவதையும், உடும்புகள் நீந்துவதையும் காணலாம். அங்கே ஒரு பிள்ளை வியந்து குரல் கொடுத்தாலும் எந்தப் பறவையின் உறக்கமும் கெடாது. குடிலுக்குப் போவதென்றால் எட்டுப் பேராகப் போவோம். மற்றவர்கள் கண்டல் காட்டு நடைபாதையில் காத்திருக்கட்டும்.

கிராஞ்சிக்காரர்:
எட்டுப் பேர் என்பதை ஏற்கிறேன். அடுத்த மாதப் பயணத்தை இரண்டு ஞாயிறுகளாகப் பிரித்துவிடுகிறேன். நேரத்தை மாற்ற மட்டும் எனக்கு மனமில்லை, ஏனெனில் நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே திட்டில் தோளோடு தோள் நிற்பதை ஒருமுறையாவது பிள்ளைகள் அருகிலிருந்து காண வேண்டும். கூச்சலிட்டவன் என் மகன்தான். அவனிடம் பேசிவிட்டேன், முதல் எட்டுப் பேரில் அவனும் இருப்பான், அவன் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.