சென்னிமலை பெட்ஷீட் கடை: கூகுளில் பக்கங்கள் ஏறவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, சென்னிமலையில் எங்களுக்குக் கைத்தறி பெட்ஷீட், துண்டு வியாபாரம். கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு (கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் பக்கம்) இலவசமாகக் கிடைத்த வெப்சைட்டை 2024 மார்ச்சில் கூகுளே மூடிவிட்டது, அதனால் சொந்த டொமைன் வாங்கி, ஒவ்வொரு டிசைனுக்கும் நிறத்துக்கும் தனிப் பக்கம் போட்டு, சைட்மேப்பையும் (சைட்டில் உள்ள பக்கங்களின் பட்டியல்) கூகுளின் சர்ச் கன்சோலில் (சைட் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி) கொடுத்தாயிற்று. முகப்புப் பக்கம் மட்டும்தான் தேடினால் வருகிறது. மற்றவை பெரும்பாலும் கூகுள் வந்து படித்தும் இன்டெக்ஸ் செய்யாத, அதாவது தேடலில் காட்டச் சேர்த்துக்கொள்ளாத, பட்டியலிலேயே கிடக்கின்றன. நிறமும் அளவும் மாறும், மற்றபடி எல்லாப் பக்கத்திலும் அதே நாலு வரி விவரம்தான். அதுதான் காரணமா? ஒரு டிசைனின் நிறங்களை எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்த்துவிட்டுப் பழைய முகவரிகளை 301 ரீடைரக்ட் செய்தால் (நிரந்தரமாகப் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால்) போதுமா, இல்லை கேனானிக்கல் டேக் (ஒரே மாதிரிப் பக்கங்களில் எது முதன்மை என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு) வைப்பது நல்லதா?

அப்புறம், ஒரு ஏஜென்சிக்காரர் ஒரே மாதத்தில் முதலிடம் கேரண்டி, ஆயிரம் பேக்லிங்க் (மற்ற சைட்களிலிருந்து நம் சைட்டுக்கு வரும் லிங்க்) போட்டுத் தருகிறேன் என்று விடாமல் போன் செய்கிறார். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது, காசுக்கு வாங்கும் லிங்க்கை ஸ்பேம் என்கிறது, எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. துணிக்கடை சைட் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், சைட் முகவரியை இன்பாக்ஸில் அனுப்புகிறேன்.